தேமேத்ரியொஸ்: ஒரு பழங்கிரேக்க ஆண்பெயரின் பொருளும் பயன்பாடும் – முழுமையான வழிகாட்டி

கிரேக்க வரலாற்றையோ விவிலிய ஆய்வையோ ருஷ்ய இலக்கியத்தையோ தமிழில் எழுத முற்படுபவர் எவரும் என்றாவது தேமேத்ரியொஸ் என்ற பெயரை எதிர்கொண்டே ஆக வேண்டும். ஆங்கில வரலாற்று நூலில் டிமீட்ரியஸ் என்றும், பழைய தமிழ் விவிலியத்தில் தெமேத்திரியு என்றும், ருஷ்ய நாவலில் திமீத்ரி என்றும், இன்றைய கிரேக்கரின் கடவுச்சீட்டில் திமீத்ரியொஸ் என்றும் வருவது ஒரே பெயர்தான்.

மொழிபெயர்ப்புகளைச் செம்மைப்படுத்தும்போது நான் திரும்பத் திரும்பக் காணும் குறை ஒன்று உண்டு. புதிதாக எழுத வருபவர்கள் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதை முதல் பக்கத்திலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்பதைப் பிறகுதான் பார்க்கிறார்கள். வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். ஆள், காலம், மூல வடிவம், பொருள், ஒலி என ஒவ்வொன்றாக உறுதி செய்துகொண்டு, தமிழ் எழுத்துக்கூட்டலைக் கடைசியில்தான் முடிவு செய்ய வேண்டும். தியொனூசியொஸ், அப்பொல்லோனியொஸ் போன்ற பிற பெயர்களுக்கும் இதே வரிசை பொருந்தும் என்றாலும், ஒரே பெயரை முழுமையாகக் கையாண்டு பார்த்தால்தான் முறை கைவரும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, கிரேக்க எழுத்துகளை அடையாளம் காணும் பழக்கம். மொழியைக் கற்க வேண்டியதில்லை. 24 எழுத்துகளையும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். அவற்றுள் நான்கு உயிரெழுத்துகளை மட்டும் ஐயமின்றித் தெரிந்துகொள்ளுங்கள்: எப்சிலான் குறில் எகரம், ஈட்டா நெடில் ஏகாரம், ஒமிக்ரான் குறில் ஒகரம், ஒமேகா நெடில் ஓகாரம். ஆங்கில எழுத்தில் இந்த இரு இணைகளின் வேறுபாடும் அழிந்துவிடுகிறது. தமிழ் எழுத்தில் அழிய வேண்டிய தேவையே இல்லை.

இரண்டாவது, ஆட்பெயர்களைச் சரிபார்க்க ஒரு நம்பகமான கருவி. ஆக்ஸ்ஃபோர்டில் தொகுக்கப்பட்டு 1987 முதல் தொகுதி தொகுதியாக வெளிவரும் கிரேக்க ஆட்பெயர் அகராதி இதற்கு மிகப் பொருத்தமானது, இணையத்திலும் தேடலாம். கல்வெட்டு, நாணயம், இலக்கியம் ஆகியவற்றில் வரும் பெயர்களை அது வட்டாரவாரியாகத் தருகிறது.

மூன்றாவது, ஒரு பெயர்த்தாள். ஆளின் பெயர், தந்தை பெயர், ஊர், காலம், கிரேக்க வடிவம், உங்கள் மூலநூலில் உள்ள வடிவம், தமிழ் வடிவம் என ஏழு கட்டங்கள் போதும். தமிழ் வடிவத்துக்கு உரிய கட்டத்தை இப்போது வெற்றாகவே விட்டு வையுங்கள்.

2. எந்தத் தேமேத்ரியொஸ் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

பழங்காலக் கிரேக்க உலகில் மிகப் பரவலாக வழங்கிய ஆண்பெயர்களுள் இது ஒன்று. குடும்பப்பெயர் என்ற வழக்கம் அன்று இல்லை என்பதால், பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆளைப் பிரித்தறிய முடியாது.

இதனால் விளையும் குழப்பத்துக்குக் கி.மு. 307ஆம் ஆண்டின் ஏதென்ஸைவிடச் சிறந்த சான்று கிடையாது. கி.மு. 317 முதல் அந்நகரை மாசிடோனியர் சார்பில் ஆண்டுவந்தவர் ஃபலேரொனைச் சேர்ந்த தேமேத்ரியொஸ்; அரிஸ்டாட்டில் மரபில் வந்த மெய்யியலாளர். 307இல் கடற்படையோடு வந்து அவரை வெளியேற்றியவர், அலெக்சாந்தரின் தளபதிகளுள் ஒருவரான அந்திகொனொஸின் மகன் தேமேத்ரியொஸ். பின்னாளில் நகர்களை முற்றுகையிடுபவர் என்ற பொருளில் பொலியொர்கேதேஸ் என்று அழைக்கப்பட்டவர். ஆக, ஒரே ஆண்டில் ஒரே நகரில் ஒரு தேமேத்ரியொஸின் ஆட்சி முடிந்து இன்னொரு தேமேத்ரியொஸின் செல்வாக்கு தொடங்குகிறது.

நான் திருத்திய ஒரு கையெழுத்துப்படியில் இவ்விருவரும் ஒருவராகவே ஆகியிருந்தனர். நகரை ஆண்டவரே அந்நகரை மீட்டதாகவும், பிறகு அவரே அலெக்சாந்திரியாவுக்குச் சென்று நூலகப் பணிக்கு ஆலோசனை சொன்னதாகவும், அதே கையோடு ரோட்ஸ் தீவை முற்றுகையிட்டதாகவும் வாசகம் ஓடியது. எகிப்துக்குச் சென்றவர் ஃபலேரொன்காரர், கி.மு. 305–304இல் ரோட்ஸை முற்றுகையிட்டவர் பொலியொர்கேதேஸ். ஆங்கில மூலத்தில் முதல் முறை மட்டும் அடைமொழியோடும், பிறகு வெறும் பெயராகவும் இருந்ததே இந்தக் கலப்புக்குக் காரணம்.

எனவே கிரேக்கர்கள் தாமே பயன்படுத்திய முறையைப் பின்பற்றுங்கள். ஏதென்ஸ் குடிமகன் ஒருவர் தன் பெயர், தந்தையின் பெயர், தன் ஊர்ப்பிரிவு என மூன்றாலும் அடையாளம் காணப்பட்டார். ஃபலேரொன்காரரை முழுமையாகச் சொன்னால், ஃபனொஸ்த்ரதொஸின் மகன், ஃபலேரொனைச் சேர்ந்த தேமேத்ரியொஸ். இந்த மூன்றையும் பெயர்த்தாளில் நிரப்ப முடியாத வரையில் அடுத்த படிக்குச் செல்லாதீர்கள்.

அரசர்களுக்கு ஊர்ப்பிரிவு இல்லை. அடைமொழிதான் அவர்களைப் பிரித்துக் காட்டும். சிரியாவை ஆண்ட செலூக்கிய மரபில் முதலாம் தேமேத்ரியொஸ் சோதேர் என்றும், அதாவது காப்பவர் என்றும், அவருடைய மகன் இரண்டாம் தேமேத்ரியொஸ் நிகாதோர் என்றும், அதாவது வெற்றியாளர் என்றும் வழங்கப்பட்டனர். பாக்திரிய (இன்றைய வட ஆப்கானிஸ்தான் பகுதி), இந்திய–கிரேக்க மன்னர்களிலும் இப்பெயர் ஒருவருக்கு மேற்பட்டோருக்கு உண்டு. எண் சொல்லாமல் தேமேத்ரியொஸ் மன்னர் என்று மட்டும் எழுதினால், இவர்களுள் எவரை வாசகர் எடுத்துக்கொள்வார் என்று சொல்லவே முடியாது.

அடைமொழியைக் கண்டபடி மொழிபெயர்ப்பதும் தவறு. முதல் முறை வரும்போது அடைமொழியையும் அதன் பொருளையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, அதன்பின் அடைமொழியை மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு பக்கத்தில் பொலியொர்கேதேஸ் என்றும் அடுத்த பக்கத்தில் முற்றுகை வேந்தர் என்றும் எழுதினால் மீண்டும் இரண்டு ஆட்கள் உருவாகிவிடுவார்கள்.

3. மூல வடிவத்தை முதல் வேற்றுமைக்குக் கொண்டுவாருங்கள்

தமிழைப் போலவே கிரேக்கத்திலும் பெயர் வேற்றுமைக்கேற்ப மாறும். முதல் வேற்றுமையில் தேமேத்ரியொஸ், ஆறாம் வேற்றுமையில் தேமேத்ரியூ, இரண்டாம் வேற்றுமையில் தேமேத்ரியொன், விளியில் தேமேத்ரியெ. ஆனால் தமிழில் பெயருக்குப் பின் உருபு வந்து ஒட்டுகிறது. கிரேக்கத்திலோ பெயரின் ஈறே மாறிவிடுகிறது. இதை அறியாதவர்கள் மூலத்தில் கண்ட வடிவத்தையே பெயர் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பாக்திரிய மன்னர் முதலாம் தேமேத்ரியொஸின் வெள்ளி நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் யானைத்தலைத் தோலைத் தலைக்கவசமாக அணிந்த மன்னரின் உருவம். துதிக்கை நெற்றிக்கு மேல் வளைந்து எழும்பி நிற்கும். மறுபக்கத்தில் ஹெராக்ளீஸ் நின்றபடி ஒரு கையால் தன் தலையில் தானே வாகை சூட்டிக்கொள்கிறான். மற்றொரு கையில் கதையும் சிங்கத்தோலும். அவனுக்கு இருபுறமும் மேலிருந்து கீழாக இரண்டு சொற்கள்: பஸிலெயோஸ் தேமேத்ரியூ. இது மன்னரின் பெயர் அன்று. மன்னர் தேமேத்ரியொஸினுடைய என்பது பொருள். நாணயம் யாருடையது என்பதைச் சொல்வதால் ஆறாம் வேற்றுமை வருகிறது. அருங்காட்சியகப் படத்தைப் பார்த்து எழுதுபவர்கள் தேமேத்ரியூ என்ற மன்னர் ஒருவர் இருந்ததாக எழுதிவிடுவது இதனால்தான்.

விவிலியத்திலும் இதே கவனம் தேவை. அப்போஸ்தலர் நடபடிகள் 19:24இல் எபேசு நகரத்து வெள்ளித் தட்டானின் பெயர் முதல் வேற்றுமையில் நிற்கிறது. யோவானின் மூன்றாம் நிருபம் 12ஆம் வசனத்திலோ, நற்சாட்சி பெற்ற தேமேத்ரியொஸின் பெயர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறது. ஈறு வேறாக இருப்பதால் பெயரும் வேறு என்று கருதிவிடக் கூடாது.

வட்டார வழக்கும் வடிவத்தை மாற்றும். தோரிய, பொயோத்திய வழக்குகளில் நெடில் ஏகாரம் இருக்க வேண்டிய இடத்தில் நெடில் ஆகாரம் வரும் என்பதால், அங்கே இதே பெயர் தாமாத்ரியொஸ் ஆகிறது. பொயோத்தியரின் மாதம் ஒன்றுக்கும் இதுவே பெயர். கல்வெட்டில் தாமாத்ரியொஸ் என்றிருந்தால் பெயர்த்தாளில் அவ்வடிவத்தை அப்படியே குறித்துக்கொண்டு, பக்கத்தில் பொதுவடிவத்தையும் எழுதி வையுங்கள். பிறகு ஒப்பிட உதவும்.

4. பெயரைச் சரியான இடத்தில் பிரியுங்கள்

பொருள் காணும் வேலை இங்கேதான் தொடங்குகிறது. தேமேத்ரியொஸ் என்பதை தேமேத்ர் என்ற பகுதியாகவும் இயொஸ் என்ற விகுதியாகவும் பிரிக்க வேண்டும். பகுதி, தேமேதேர் என்ற தெய்வத்தின் பெயர். தானியத்துக்கும் விளைச்சலுக்கும் உரியவள், ஏதென்ஸுக்கு அருகிலுள்ள எலெயூசிஸில் மறைச்சடங்குகளால் வழிபடப்பட்டவள், பெர்செஃபொனேயின் தாய். இயொஸ் என்ற விகுதி உரியவன், சார்ந்தவன் என்ற பொருளைத் தரும். ஆகவே தேமேத்ரியொஸ் என்றால் தேமேதேருக்கு உரியவன். தியொனூசொஸிலிருந்து தியொனூசியொஸும், அப்பொல்லோனிலிருந்து அப்பொல்லோனியொஸும் பிறப்பது இதே வாய்பாட்டில்தான்.

தெய்வத்தின் கொடை என்ற பொருள் தரும் பெயர்களோடு இதைக் கலக்காதீர்கள். கொடை என்ற பொருள் தோரொஸ் என்ற ஈற்றால் வரும். அப்பொல்லொதோரொஸ், ஹேலியொதோரொஸ் என்பன அவ்வகை. விதிசாவுக்கு அருகே பேசநகரில் கருடத்தூண் நாட்டிய கிரேக்கத் தூதர் ஹேலியொதோரொஸின் பெயர் கதிரவனின் கொடை என்று பொருள்படும். தேமேத்ரியொஸில் கொடை இல்லை, உரிமை மட்டுமே உண்டு. பெயர்ப்பொருள் தளங்களில் தேமேதேரின் கொடை என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தால் நகலெடுக்க வேண்டாம்.

பிரிக்கும் இடம் தவறினால் மூன்று பொய்ப்பொருள்கள் எளிதில் நுழையும்.

முதலாவது, மக்கள் என்ற பொருளுடைய தேமொஸ் என்ற சொல். தேமொஸ்தெனேஸ், தேமொக்ரிதொஸ் ஆகிய பெயர்களில் அச்சொல் உண்டு. முதல் அசை ஒன்றாக இருப்பதால் தேமேத்ரியொஸையும் மக்களின் தலைவன் என்று விளக்குபவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் அசையில் உள்ள ஏகாரம் அந்த விளக்கத்தை அனுமதிக்காது.

இரண்டாவது, தேவமாதா. தேமேதேர் என்பதன் பின்பாதி தாய் என்ற பொருளுடைய மேதேர் என்பதிலும், அது வடமொழி மாத்ரு என்பதற்கு இனச்சொல் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் முன்பாதியாகிய தே என்பதன் மூலம் இன்றும் முடிவாகவில்லை. நிலம் என்பாரும் உண்டு, தானியம் என்பாரும் உண்டு. ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு அதைத் தேவ என்று கொள்வது கூடாது. தேவ என்பதற்கு நெருங்கிய கிரேக்க உறவைத் தேடினால் அது செயூஸ் என்ற தெய்வப் பெயரில் இருக்கிறது, இங்கே இல்லை. நிலத்தாய் என்று உறுதியாக எழுதுவதையும் தவிர்த்துவிடுங்கள். தாய் என்பது வரைதான் நமக்கு உறுதி.

மூன்றாவது, மித்ரன். ருஷ்ய வடிவமாகிய திமீத்ரியைப் பார்த்துவிட்டு மித்திரன் என்ற சொல்லை அதில் காண்பது நம் பக்கத்தில் மட்டும் நிகழும் பிழை. பெயரின் பழைய வடிவத்தை முதலில் கண்டிருந்தால் இந்த எண்ணமே எழாது. வடிவத்தைப் பொருளுக்கு முன் வைக்கச் சொல்வதன் காரணம் இதுவே.

5. பொருளைக் காலத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள்

ஒரு பெயரின் சொற்பொருள் வேறு, அதைச் சூட்டியவரின் கருத்து வேறு. தேமேதேருக்கு உரியவன் என்ற பொருள் எல்லாக் காலத்துக்கும் பொதுவானது. அப்பொருளை நினைத்தே பெயரிட்டார்கள் என்று எல்லாக் காலத்துக்கும் சொல்ல முடியாது.

பொருள் உயிரோடு இயங்கிய இடங்களும் உண்டு. பொலியொர்கேதேஸ் ஏதென்ஸுக்கு வந்தபோது பாடப்பட்ட வரவேற்புப் பாடல் ஒன்றில், தேமேதேரும் தேமேத்ரியொஸும் ஒரே வேளையில் நகருக்கு வருவதாகப் புகழ்கிறார்கள். தேவியின் மறைச்சடங்குக் காலமும் மன்னரின் வருகையும் ஒன்றாக அமைந்ததைப் பெயரொற்றுமையால் இணைக்கும் முகத்துதி அது. நகரத்தார் அவர் பெயரால் ஒரு மாதத்தையே மாற்றி அழைத்ததாகப் பழங்கால வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். இத்தகைய இடத்தில் பெயரின் பொருளை விளக்காமல் விட்டால் வாசகருக்கு அந்தத் துதியே விளங்காது. எனவே இங்கே பொருளை வாசகத்திலேயே சொல்ல வேண்டும்.

இதற்கு மாறாக, எபேசுவின் தட்டானுக்கு இப்பெயர் இருப்பதில் பொருள் தேட வேண்டியதில்லை. அவன் அர்தெமிஸ் கோவிலின் வெள்ளி உருக்களைச் செய்தவன். பெயரோ வேறொரு தேவிக்கு உரியது. மூன்றாம் நிருபத்தில் பாராட்டப்படுபவரோ கிறிஸ்தவர். கிறிஸ்தவத் தூதர் பவுலை எதிர்த்த அந்தத் தட்டானுக்கும் சபையில் நற்சாட்சி பெற்றவருக்கும் ஒரே பெயர் என்பதே, அக்காலத்தில் அது வெறும் வழக்குப் பெயராகிவிட்டதைக் காட்டுகிறது. மதம் மாறியவர்கள் தேவியின் பெயர் கலந்திருப்பதற்காக இதைக் கைவிடவில்லை. கி.பி. 189 முதல் அலெக்சாந்திரியாவின் ஆயராக இருந்தவரின் பெயரும் இதுவே. பந்தேனுஸ் என்ற ஆசிரியரை இந்தியாவுக்கு அனுப்பியவர் அவர்தான் என்று பழந்திருச்சபை எழுத்தாளர் ஜெரோம் குறிப்பிடுகிறார்.

நான்காம் நூற்றாண்டுக்குப் பிறகு நிலைமை முழுதும் மாறுகிறது. தெஸ்ஸலொனீக்கியின் மறைசாட்சியான புனிதர் திமீத்ரியொஸின் பெயராகவே மக்கள் இதைச் சூட்டினார்கள், இன்றும் அப்படியே. பைசாந்தியக் காலம் தொடங்கி இன்றுவரை உள்ள ஒருவரைப் பற்றி எழுதும்போது தானிய தேவிக்கு உரியவன் என்று விளக்குவது சொல்லாராய்ச்சியில் சரி, வாழ்க்கையில் தவறு. புனிதரின் பெயர் என்று முதலில் சொல்லிவிட்டு, சொற்பிறப்பைத் தேவைப்பட்டால் பின்னால் சொல்லுங்கள்.

6. தாத்தாவின் பெயரைத் தேடிப் பாருங்கள்

கிரேக்கக் குடும்பங்களில் மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரை இடுவது பரவலான வழக்கம். நம் ஊர்க் குடும்பங்களில் பேரனுக்குப் பாட்டனார் பெயர் வைப்பதைப் போன்றதுதான். மாசிடோனிய அரச மரபு இதை ஒழுங்காகக் காட்டுகிறது: ஒற்றைக்கண் அந்திகொனொஸின் மகன் தேமேத்ரியொஸ் பொலியொர்கேதேஸ், அவர் மகன் அந்திகொனொஸ் கொனதாஸ், அவர் மகன் கி.மு. 239 முதல் 229 வரை ஆண்ட இரண்டாம் தேமேத்ரியொஸ்.

தலைமுறை விட்டுத் தலைமுறை ஒரே பெயர் வருவதால், ஐம்பது ஆண்டுகள் தள்ளி நடந்த நிகழ்ச்சியைத் தவறான ஆளின் தலையில் ஏற்றிவிடும் அபாயம் உண்டு. ஆட்சியாண்டை எழுதிப் பாருங்கள். ஆள் அந்த ஆண்டில் உயிரோடு இருந்தாரா என்ற ஒரு கேள்வி பாதிப் பிழைகளைப் பிடித்துவிடும்.

7. ஒலியைக் காலத்துக்கேற்ப முடிவு செய்யுங்கள்

கிரேக்கத்தில் இப்பெயரை எழுதும் ஒன்பது எழுத்துகளும் மாறவில்லை, ஒலிதான் மாறியது. செவ்வியல் காலத்தில் ஈட்டா நெடில் ஏகாரமாக ஒலித்ததால் பெயர் தேமேத்ரியொஸ். பிற்காலத்தில் ஈட்டா இகரமாக மாறிவிட்டது. அழுத்தம் இரண்டாம் அசையில் நின்றது. ஆகவே பைசாந்தியக் காலத்துக்கும் இன்றைக்கும் உரிய ஒலி திமீத்ரியொஸ். அழுத்தம் பெறும் அசையைத் தமிழில் நெடிலாக எழுதினால் வாசிப்பவர் இயல்பாகவே சரியான இடத்தில் நிறுத்திச் சொல்வார்.

இரண்டையும் கலப்பதே இங்குள்ள பெரும்பிழை. கி.மு. நான்காம் நூற்றாண்டு அரசரைத் திமீத்ரியொஸ் என்றும், தெஸ்ஸலொனீக்கியின் புனிதரைத் தேமேத்ரியொஸ் என்றும் எழுதினால் காலம் தலைகீழாகிவிடும். ஒரே நூலில் இருவரும் வந்தால், புனிதர் முதலில் வரும் இடத்தில் இது தேமேத்ரியொஸ் என்ற பழம்பெயரின் பிற்கால ஒலிவடிவம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அவ்வளவு போதும்.

டிமீட்ரியஸ் என்பது இலத்தீன் வடிவத்தை ஆங்கிலேயர் ஒலிக்கும் முறை. ஆங்கில நாடகப் பாத்திரத்துக்கோ, இப்பெயரைத் தாங்கிய அமெரிக்கருக்கோ அது பொருந்தும். ஏதென்ஸின் ஆட்சியாளருக்கு அது பொருந்தாது.

8. இப்போது தமிழில் எழுதுங்கள்

முதலெழுத்தாகத் தகரத்தையே தேர்ந்தெடுக்கும்படி வலியுறுத்துவேன். இப்பெயரில் வரும் கிரேக்க எழுத்துகளான டெல்டாவும் டௌவும் பல்லொலிகள். நம் தகரமும் பல்லொலி. டகரமோ நாவை மடித்து எழுப்பும் ஒலி. மேலும் டகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது என்பது நன்னூல் கற்ற எவருக்கும் தெரியும். ஒலியும் இலக்கணமும் ஒரே பக்கம் நிற்கும்போது, ஆங்கிலம் வழியாக வந்த டகரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கக் காரணமில்லை. பழைய விவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் தெமேத்திரியு என்று எழுதியபோது தகரத்தையும் மேகாரத்தையும் சரியாகவே காத்திருக்கிறார்கள்.

ஈற்றில் யொஸ் என்று குறிலாக எழுதுங்கள். யோஸ் என்று நெடிலாக எழுதுவதே பரவியிருக்கிறது. ஆயினும் ஒமிக்ரானுக்கும் ஒமேகாவுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட முடிந்த மொழியில் அதைக் காட்டாமல் விடுவது எனக்கு ஏற்புடையதன்று. சொலோன் என்ற பெயரில் முதல் ஒகரம் குறில், அடுத்தது நெடில். தமிழ் வாசகர் அதைப் பிழையின்றி ஒலிக்க எழுத்தே வழிகாட்டுகிறது. உங்கள் பதிப்பகம் யோஸ் என்ற நெடிலை விரும்பினால் நூல் முழுவதும் அதையே வையுங்கள். பாதியில் மாற்றுவதைவிட அது மேல்.

த்ரி என்பதைத் த்திரி என்று தமிழ் மரபுப்படி விரிக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக விரிக்கலாம், கிரந்த எழுத்தைத் தவிர்க்கும் நடையில் தேமேத்திரியொசு என்று எழுதுவதும் முறையே. செய்யக் கூடாதது, கிரந்தம் நீக்கிய தேமேத்திரியொசையும் கிரந்தம் உள்ள அந்திகொனொஸையும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து வைப்பது. கொள்கை பெயருக்குப் பெயர் மாறக் கூடாது.

உருபு ஏற்கும்போது தேமேத்ரியொஸை, தேமேத்ரியொஸின், தேமேத்ரியொஸுக்கு என்றே வரும். கிரேக்க ஆறாம் வேற்றுமையோடு தமிழ் உருபையும் சேர்த்துத் தேமேத்ரியூவின் என்று எழுதினால், உருபு இருமுறை வந்துவிடுகிறது. மேலே சொன்ன நாணயப் பிழையின் தொடர்ச்சி இது.

வினைமுற்றின் மரியாதையையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஃபலேரொன்காரர் வெளியேறினார் என்றும் பொலியொர்கேதேஸ் கைப்பற்றினான் என்றும் எழுதினால், ஆசிரியர் ஒரு பக்கம் சாய்வதாக வாசகர் கொள்வார். இருவருக்கும் ஆர் விகுதியே என் பரிந்துரை.

9. பிறமொழி வடிவங்களை அந்தந்த மொழியிலேயே விடுங்கள்

புனிதரின் புகழோடு பெயர் கிழக்கு ஐரோப்பா முழுவதும் பரவியது. பல்கேரியாவில் திமீத்தர், செர்பியாவில் திமீத்ரியே, மித்தர், ருமேனியாவில் துமீத்ரு, உக்ரைனில் த்மித்ரோ, ஜார்ஜியாவில் தெமெத்ரே. இவற்றையெல்லாம் கிரேக்க வடிவத்துக்குத் திருப்பி எழுதுவது ஒழுங்கு போலத் தோன்றினாலும், அவரவர் பெயரை அவரிடமிருந்து பறிப்பதற்குச் சமம்.

ருஷ்ய வடிவம் மெய்யெழுத்தில் தொடங்குகிறது. தமிழ்ச்சொல் மெய்யில் தொடங்காது என்பதால் இகரம் சேர்த்துத் திமீத்ரி என்று எழுதுவது நல்லது. தனிம அட்டவணை தந்த மெண்டெலீவையும், இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சையும் டிமிட்ரி என்று எழுதும் வழக்கம் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. பொது வாசகருக்கான கட்டுரையில் அதை மாற்றப் புகுந்து அவர்களைத் தேட முடியாதபடி செய்ய வேண்டாம். ஷோஸ்தகோவிச்சின் முழுப்பெயரில் திமீத்ரி திமீத்ரியெவிச் என்று இருமுறை வருவதைப் பார்த்து அச்சுப்பிழை என்று ஒன்றை நீக்கிவிடாதீர்கள். இரண்டாவது, தந்தையின் பெயரிலிருந்து வந்தது. பல்கேரியப் பெயராகிய திமித்ரோவ் என்பதும் இவ்வாறே தந்தைவழிப் பெயர், முதற்பெயர் அன்று.

10. இன்றைய கிரேக்கர் ஒருவருக்கு எழுதும்போது

ஆவணத்தில் திமீத்ரியொஸ் என்று இருப்பவர் அன்றாடத்தில் திமீத்ரிஸ் என்றே அழைக்கப்படுவார். நேரில் விளிக்கும்போது ஈற்றுச் சகரம் மறைந்து திமீத்ரி ஆகும். கடிதத்தின் விளியில் திமீத்ரிஸ் என்று எழுதினால் கிரேக்கர் காதுக்கு அது உறுத்தும். ஆகவே ஒரே மனிதருக்கு மூன்று வடிவம் இருப்பது குழப்பமன்று, இடத்துக்கேற்ற வடிவம்.

மித்ஸொஸ், மீமிஸ் என்பன செல்லப்பெயர்கள். அவரே அப்படி அறிமுகம் செய்துகொள்ளாத வரை பயன்படுத்த வேண்டாம். அமெரிக்காவில் குடியேறியவர்களில் பலர் ஜிம் என்று வழங்குவார்கள். குடும்ப வரலாறு எழுதுபவர்கள் கப்பல் பதிவில் திமீத்ரியொஸ் என்றும் பின்னாள் ஆவணத்தில் ஜேம்ஸ் என்றும் கண்டால் இரண்டு ஆட்களாகப் பிரிக்கும் முன் பிறந்த ஊரையும் தந்தை பெயரையும் ஒப்பிட வேண்டும்.

இப்பெயரிலிருந்து பிறந்த குடும்பப்பெயர்களில் ஈறு வட்டாரத்தைக் காட்டும். திமித்ரியூ என்பது ஆறாம் வேற்றுமை வடிவம், சைப்ரஸில் மிகுதி. திமித்ரொபூலொஸ் பெலொப்பொன்னேசில் மிகுதி. திமித்ரியாதிஸ் சின்ன ஆசியாவிலிருந்து வந்த குடும்பங்களில் மிகுதி. பெண்களின் குடும்பப்பெயர் ஆறாம் வேற்றுமையில் நிற்கும் என்பதால் அண்ணன் திமித்ரியாதிஸ், தங்கை திமித்ரியாதூ. இருவரையும் வெவ்வேறு குடும்பமாகக் கொள்ளக் கூடாது. பெண்ணுக்கு இடும் முதற்பெயர் தீமித்ரா. அது தேவியின் பெயரே இன்றைய ஒலியில் நிற்பது.

கிரேக்கத்தில் பிறந்தநாளைவிடப் பெயர்நாளுக்கே பலர் முதலிடம் தருவார்கள். இப்பெயருடையோருக்கு அக்டோபர் 26. அன்று ஹ்ரோன்யா பொலா, அதாவது பல்லாண்டு, என்று வாழ்த்துவது வழக்கம். செர்பியாவிலும் ருஷ்யாவிலும் திருச்சபை பழைய நாட்காட்டியைப் பின்பற்றுவதால் அங்கே அதே திருநாள் நவம்பர் 8இல் வரும். வாழ்த்து அனுப்பும் முன் நண்பர் எந்த நாட்டவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

11. பெயர்த்தாளின் கடைசிக் கட்டத்தை நிரப்புங்கள்

வெற்றாக விட்ட தமிழ் வடிவக் கட்டத்தை இப்போது நிரப்பலாம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரே வடிவம், அதனோடு பிரித்தறியும் அடைமொழி. ஃபலேரொன் தேமேத்ரியொஸ், தேமேத்ரியொஸ் பொலியொர்கேதேஸ், பாக்திரியாவின் முதலாம் தேமேத்ரியொஸ், எபேசுவின் தெமேத்திரியு, தெஸ்ஸலொனீக்கியின் புனிதர் திமீத்ரியொஸ்.

விவிலிய வாசகருக்கான நூலில் தெமேத்திரியு என்ற வடிவத்தைக் காப்பது முறை. வரலாற்று நூலில் எபேசுவின் தட்டானையும் தேமேத்ரியொஸ் என்றே எழுதி, விவிலிய வடிவத்தை ஒருமுறை சுட்டிவிட்டால் போதும்.

பிறகு நூலின் பெயரடைவில் எல்லா வடிவங்களையும் தனித்தனிப் பதிவாக இட்டு, டிமீட்ரியஸ் என்று தேடுபவரும் தெமேத்திரியு என்று தேடுபவரும் உரிய ஆளிடம் வந்துசேரும்படி காண்க குறிப்புகளைச் சேர்த்துவிடுங்கள். அடைவு முடிந்தபின் கணினியில் தேமேத், தெமேத்தி, திமீத், டிமீட், டிமிட் என்று ஐந்து தேடல்களை நடத்தி, ஒவ்வொரு இடத்திலும் ஆளும் வடிவமும் பெயர்த்தாளோடு பொருந்துகின்றனவா என்று பார்த்த பின்னரே கோப்பை அச்சுக்கு அனுப்புங்கள்.